களைக்கு வாய்க்கால் வெட்டுவது யார்?

வாய்ப் புண், புற்றுநோய், குருதிக் குழாய்கள் பற்றிய ஒரு விளக்கம்

"அப்பு, வாயைக் கொஞ்சம் திறந்து காட்டுங்கோ."

"என்ன பிள்ளை, பல்லை எண்ணப் போறியோ? இருந்தால்தானே எண்ணுறதுக்கு!"

"பல்லை இல்லை அப்பு. கன்னத்துக்குள்ளை ஒரு புண் தெரியுது. எவ்வளவு நாளாய் இருக்கு?"

"அது மாரிக்கு முந்தியே வந்தது. நோகேல்லை. சுண்ணாம்பு கூடி அவிஞ்சிருக்கும். கிடக்கட்டும்."

வீடுவீடாகச் செல்லும் சுகாதாரத் தொண்டர்கள் இப்படியான மறுமொழியை அடிக்கடி கேட்பதுண்டு. நோகாத புண்ணை நாம் பெரிதாக எடுப்பதில்லை. மண்வெட்டி பிடித்துக் காய்த்த கைக்கும் முள் ஏறிய காலுக்கும் வைத்தியம் தேடாத எமக்கு, வாய்க்குள் இருக்கும் சிறு புண் ஒரு பொருட்டல்ல. அதுவும் ஊர்விட்டு ஊர் போய், கொட்டில்களிலும் உறவினர் வளவுகளிலும் காலந்தள்ளிய குடும்பங்களுக்கு, நிவாரண அட்டையும் பிள்ளைகளின் படிப்பும் காணி உறுதியுமே பெரிய கவலைகள். வாய்ப் புண் அந்த வரிசையில் கடைசியில்தான் நிற்கும்.

ஆனால் வாய்ப் புற்றுநோய் தொடங்கும்போது பெரும்பாலும் நோவதில்லை. இலங்கை ஆண்களிடையே அதிகமாகக் காணப்படும் புற்றுநோய்களில் அது முன்வரிசையில் இருக்கிறது. அது ஏன் உண்டாகிறது? சிறிதாக இருக்கும்போது பிடித்தால் மாற்றுவது ஏன் எளிது? பெரிதானபின் ஏன் கடினம்? தொடங்கிய சிகிச்சையை இடையில் விடக்கூடாது என்று வைத்தியர்கள் ஏன் வற்புறுத்துகிறார்கள்? இந்த நான்கு கேள்விகளுக்கும் விடை தேட, இரண்டு விடயங்களை அறிந்துகொள்ள வேண்டும். ஒன்று, எமது உடற் கலங்களுக்குள் இருக்கும் டி.என்.ஏ. என்னும் நூல். மற்றது, கலங்களுக்குக் குருதி கொண்டுவரும் சிறு குழாய்கள். இவை இரண்டுக்கும் இடையில் உள்ள தொடர்பையே இக்கட்டுரை விளக்குகிறது.

கலத்துக்குள் ஒரு நூல்

எமது உடல் கோடிக்கணக்கான கலங்களால் ஆனது. கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய ஒவ்வொரு கலத்தின் கருவிலும் டி.என்.ஏ. என்னும் மெல்லிய நூல் சுருண்டு கிடக்கிறது. ஒரு கலத்தில் உள்ளதை இழுத்து நீட்டினால் ஏறத்தாழ 2 மீற்றர் வரும். இரண்டு இழைகள் முறுக்கிய கயிறு போன்ற அதன் அமைப்பை 1953ஆம் ஆண்டில் வாட்சன், கிரிக் என்னும் விஞ்ஞானிகள் வெளியிட்டனர்.

மொட்டைக்கறுப்பன் விதைநெல்லை விதைத்தால் மொட்டைக்கறுப்பனே விளைகிறது. எத்தனை நாளில் முளைப்பது, எவ்வளவு உயர்வது, எப்போது கதிர் தள்ளுவது என்ற கட்டளைகள் அந்த விதைக்குள் உள்ள டி.என்.ஏ.யில் இருக்கின்றன. எமது கலங்களிலும் அவ்வாறே. எப்போது இரண்டாகப் பிரிய வேண்டும், எப்போது பிரிவதை நிறுத்த வேண்டும், எப்போது செத்துவிட வேண்டும் என்ற கட்டளைகள் எல்லாம் அந்த நூலில் உள்ளன.

இந்த நூலைச் சேதப்படுத்தும் பொருட்கள் பல. நண்பகல் வெயிலில் உள்ள புறஊதாக் கதிர்கள், புகையிலையில் உள்ள நச்சுப் பொருட்கள், எக்ஸ்ரே போன்ற கதிர்கள், ஈரத்தில் கிடந்து பூஞ்சணம் பிடித்த கச்சானிலும் சோளத்திலும் உண்டாகும் அஃப்லாடொக்சின் என்னும் நஞ்சு ஆகியன அவற்றுட் சில. சேதம் நடந்தவுடன் நோய் வந்துவிடுவதில்லை. கிழிந்த வலையை மீனவர் தைப்பதுபோல, கலமும் அறுந்த இழையைத் தானே தைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு நாளும் எம் உடலில் இது நடக்கிறது. ஆனால் ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்காகச் சேதம் நடந்தால் எங்கோ ஒரு தையல் பிழைக்கும். பிழைத்த தையல் "பிரிவதை நிறுத்து" என்ற கட்டளையில் விழுந்தால், அந்தக் கலம் நிற்காமல் பெருகத் தொடங்கும். அதுவே புற்றுநோயின் ஆரம்பம்.

தண்ணீர் இல்லாமல் களையும் வளராது

வயலில் ஒரு களை முளைத்தால் மட்டும் போதாது. அதற்கும் தண்ணீர் வேண்டும். புற்றுக் கலங்களும் அப்படியே. அவற்றுக்குத் தேவையான ஒட்சிசனும் உணவும் குருதியிலிருந்தே கிடைக்கின்றன. குருதிக் குழாயிலிருந்து ஒட்சிசன் ஊறிச் செல்லக்கூடிய தூரம் மிகச் சிறிது. ஒரு மில்லிமீற்றரைப் பத்தாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு அல்லது இரண்டு பங்கு அளவே. அதற்கு அப்பால் இருக்கும் கலம் மூச்சுத் திணறும்.

அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் சத்திரசிகிச்சை வைத்தியராக இருந்த ஜூடா ஃபோக்மன் என்பவர் 1971இல் ஒரு கருத்தை வெளியிட்டார். புதிய குருதிக் குழாய்கள் வந்து சேராவிட்டால் ஒரு புற்றுக் கட்டி ஒன்று அல்லது இரண்டு மில்லிமீற்றருக்கு மேல் வளர முடியாது என்றார் அவர். அதாவது ஒரு குரக்கன் மணியளவுக்கு மேல் பெருக்காது. அதற்குமேல் வளர வேண்டுமானால் கட்டி ஏதோ ஒரு பொருளைச் சுரந்து, பக்கத்தில் உள்ள குருதிக் குழாய்களைத் தன் பக்கம் கிளைவிடச் செய்ய வேண்டும். களை தானே தனக்கு வாய்க்கால் வெட்டிக்கொள்கிறது என்பதுதான் இதன் பொருள். பலர் அதை அப்போது ஏற்கவில்லை.

ஆனால் தேடல் நிற்கவில்லை. 1983இல் ஹரல்ட் டுவோராக் என்பவரின் குழு, கட்டிகள் சுரக்கும் ஒரு பொருள் குருதிக் குழாய்களைக் கசியச் செய்கிறது என்று கண்டது. 1989இல் கலிபோர்னியாவில் நப்போலியோன் ஃபெராரா என்பவரின் குழு குழாய்களை வளரச் செய்யும் பொருளைப் பிரித்தெடுத்தது. இரண்டும் ஒரே பொருள் என்பது பின்னர் தெரியவந்தது. அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து வீ.ஈ.ஜி.எஃப். என்பார்கள். நாம் அதைக் "குழாய் வளர்காரணி" என்று அழைப்போம்.

இந்தக் காரணி கெட்ட பொருள் அல்ல. தாயின் வயிற்றில் கரு வளர அது வேண்டும். கத்தி வெட்டிய விரல் ஆறவும் அது வேண்டும். வெட்டுப்பட்ட இடத்தில் ஒட்சிசன் குறையும்போது கலங்கள் அதைச் சுரக்கின்றன. புதிய குழாய்கள் வருகின்றன. புண் ஆறியதும் சுரப்பது நின்றுவிடும். ஒட்சிசன் குறைவதைக் கலங்கள் எவ்வாறு அறிகின்றன என்று கண்டறிந்த மூவருக்கு 2019இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

புற்றுக் கட்டியில் இந்தச் சுரப்பு நிற்பதில்லை. இதனால்தான் டுவோராக் 1986இல் எழுதிய கட்டுரை ஒன்றில், கட்டிகளை ஆறாத புண்கள் என்று வர்ணித்தார். அப்புவின் கன்னத்தில் மாரிக்கு முன் வந்து இன்னும் ஆறாதிருக்கும் புண்ணை இந்த இடத்தில் நினைத்துப் பாருங்கள்.

கலத்தின் வட்டவிதானையார்

குளத்துத் தண்ணீரை நம்பி வயல் செய்தவர்களுக்கு வட்டவிதானையாரின் வேலை தெரியும். துருசை எப்போது திறப்பது, எந்த வாய்க்காலுக்கு எவ்வளவு விடுவது, வரம்பு உடைந்தால் தண்ணீரை எங்கே மறிப்பது என்று அவரே பார்த்துக்கொள்வார். அவர் கண் அயர்ந்தால் அடாவடிக்காரன் இரவோடிரவாகத் தன் வயலுக்குத் தண்ணீரைத் திருப்பிவிடுவான்.

கலத்துக்குள்ளும் இப்படி ஒரு காவலர் உண்டு. அது பி53 என்று பெயரிடப்பட்ட ஒரு புரதம். 1979இல் கண்டுபிடிக்கப்பட்டது. டி.என்.ஏ. நூல் அறுந்தால் இந்தப் புரதம் கலத்தில் கூடும். கூடியதும் அது மூன்று வேலைகளைச் செய்கிறது.

முதலாவது, கலம் பிரிவதை நிறுத்தித் தைப்பதற்கு நேரம் கொடுக்கிறது.

இரண்டாவது, தைக்க முடியாத அளவு சேதமானால் அந்தக் கலத்தைச் சாகச் செய்கிறது.

மூன்றாவது, குழாய் வளர்காரணி சுரப்பதை அடக்குகிறது. குழாய்கள் வளர்வதைத் தடுக்கும் வேறொரு புரதத்தைக் கூட்டவும் செய்கிறது. பழுதான பயிருக்குத் தண்ணீர் விடாமல் துருசை இறக்கிவிடுவது போன்றது இது.

இந்த மூன்றாவது வேலை 1990களில்தான் வெளிச்சத்துக்கு வந்தது. டி.என்.ஏ.யைத் தாக்கும் பொருட்களுக்கும் குருதிக் குழாய்களுக்கும் தொடர்பு இருப்பது அப்போதுதான் தெளிவாகத் தொடங்கியது.

சிக்கல் எங்கே வருகிறது? பி53 புரதத்தைச் செய்வதற்கான கட்டளையும் அதே டி.என்.ஏ. நூலில்தான் எழுதப்பட்டிருக்கிறது. புகையிலை நஞ்சோ வெயிலோ அந்த நூலைத் தாக்கும்போது, காவலரைப் பற்றிய வரியே பழுதாகிவிடலாம். மனிதருக்கு வரும் புற்றுநோய்களில் ஏறத்தாழ பாதியில் பி53 பழுதாகியே இருக்கிறது. காவலர் இல்லாத கலத்தில் நூல் அறுந்தாலும் பிரிவது நிற்பதில்லை. சாகவேண்டிய கலம் சாவதில்லை. குழாய் வளர்காரணியும் அடங்குவதில்லை; பல கட்டிகளில் அது கூடவே செய்கிறது.

ஆகவே ஒரே அடிக்கு இரண்டு விளைவுகள் உண்டு. காவலர் உள்ள கலத்தில் டி.என்.ஏ. சேதம் துருசை மூடச் செய்யும். காவலர் இல்லாத கலத்தில் அதே சேதம் துருசைத் திறந்தபடி விட்டுவிடும். இதுவே இக்கட்டுரையில் நினைவில் வைக்க வேண்டிய முக்கியமான செய்தி.

ஆனால் உடல் ஒரு வயலைப்போல அவ்வளவு எளிமையானதல்ல. காவலர் உள்ள நல்ல தோலிலும் புறஊதாக் கதிர் பட்டால் கலங்கள் குழாய் வளர்காரணியைச் சிறிது காலம் கூடுதலாகச் சுரக்கின்றன. கடும் வெயிலில் வெந்த தோல் சிவந்து கனல்வதில் அதற்கும் ஒரு பங்கு உண்டு. அது ஆற்றும் முயற்சி. சில நாட்களில் அடங்கிவிடும். அடங்குகிறதா, அடங்காமல் தொடர்கிறதா என்பதே நல்ல கலத்துக்கும் புற்றுக் கலத்துக்கும் உள்ள வேறுபாடு.

வெற்றிலைத் தட்டத்தில் இருப்பவை

வெற்றிலைத் தட்டம் எங்கள் வாழ்க்கையோடு சேர்ந்தது. திருமணத்துக்கு அழைப்பதும் வெற்றிலை பாக்கோடுதான். புகையிலையோ எங்கள் தோட்டங்களில் விளைந்து பல வீடுகளில் பிள்ளைகளைப் படிப்பித்த பயிர். ஆகவே இவற்றைப் பற்றிக் குறை சொல்வது எளிதல்ல. ஆயினும் உண்மையைச் சொல்லாமல் விடுவதும் முறையல்ல.

உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் புற்றுநோய் ஆய்வு நிறுவனம், புகையிலை சேர்த்த வெற்றிலை புற்றுநோயை உண்டாக்கும் என்று 1985இல் அறிவித்தது. புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று 2004இல் வெளியிட்டது. "நான் புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்குத்தான்" என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பாக்கில் அரிகொலின் என்னும் பொருள் உண்டு. அதிலிருந்தும் புகையிலையிலிருந்தும் நைத்திரோசமீன் என்னும் நச்சுப் பொருட்கள் கிடைக்கின்றன. அவை டி.என்.ஏ.யைத் தாக்குபவை. சுண்ணாம்பு சேரும்போது பாக்கிலிருந்து வேறு சில தாக்கும் பொருட்களும் வெளிப்படுகின்றன. வெற்றிலையைக் கன்னத்தில் அடக்கி வைக்கும் பழக்கம் உள்ளவரின் அந்த ஒரே இடம், நாளுக்குப் பத்துத் தடவை, முப்பது நாற்பது ஆண்டுகள் இந்தத் தாக்குதலுக்கு உள்ளாகிறது. அங்கே ஒரு நாள் காவலர் பழுதாவது ஆச்சரியமல்ல. வாய்ப் புற்றுக் கட்டிகளைச் சோதித்தபோது, பலவற்றில் பி53 பழுதாகியும் குழாய் வளர்காரணி கூடியும் காணப்பட்டன.

முகாம்களிலும் நலன்புரி நிலையங்களிலும் இருந்த காலத்தில் வெற்றிலை போடும் பழக்கம் பலரிடம் கூடியதை நாம் கண்டிருக்கிறோம். பசி தெரியாது, பொழுதும் போகும். உழவும் அறுவடையும் இல்லாத கைக்கு அது ஒரு வேலை. அவ்வாறு பழகியவர்களைக் கண்டிப்பதால் பயனில்லை. வாயைப் பார்த்துக்கொள்ளப் பழக்குவதும், பழக்கத்தை விட உதவுவதுமே நன்மை தரும்.

நஞ்சே மருந்தாகும்போது

இனிச் சிகிச்சைக்கு வருவோம். இங்கே ஒரு வியப்பு உண்டு. புற்றுநோய்க்குக் கொடுக்கும் மருந்துகள் பலவும், கதிர்ச் சிகிச்சையும், டி.என்.ஏ.யைத் தாக்கியே கலங்களைக் கொல்கின்றன.

முதலாம் உலகப் போரில், 1917ஆம் ஆண்டு, பெல்ஜியத்தில் கடுகு வாயு என்னும் நச்சுப் பொருள் பயன்படுத்தப்பட்டது. அது குருதிக் கலங்கள் உற்பத்தியாவதை அழித்ததை வைத்தியர்கள் கண்டனர். அதைப் போன்ற ஒரு பொருளை 1942இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக வைத்தியர்கள் நிணநீர்ப் புற்றுநோய் கொண்ட ஒருவருக்குக் கொடுத்தபோது கட்டி சுருங்கியது. போர்க் கருவியாக வந்த நஞ்சிலிருந்து புற்றுநோய் மருந்துகளின் ஒரு வரிசையே பிறந்தது. வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சையோடு சேர்த்துக் கொடுக்கப்படும் சிஸ்பிளாட்டின் என்னும் மருந்தும் டி.என்.ஏ. நூலில் முடிச்சுப் போட்டதுபோல் ஒட்டிக்கொண்டு கலம் பிரிவதைத் தடுக்கிறது.

தாக்குதல் பலமாகவும் தொடர்ச்சியாகவும் இருந்தால் புற்றுக் கலம் சாகும். அதனோடு அது சுரந்த காரணியும் போய்விடும். புதிதாக வளர்ந்துவரும் குழாய்களின் கலங்களும் வேகமாகப் பிரிபவை என்பதால் அவையும் இந்த மருந்துகளுக்குப் பலியாகின்றன. இத்தகைய மருந்து ஒன்றைச் சிறிய அளவில் அடிக்கடி கொடுத்தால் கட்டியின் குருதிக் குழாய்கள் குறிப்பாகப் பாதிக்கப்படுவதை ஃபோக்மனின் குழு 2000ஆம் ஆண்டில் எலிகளில் காட்டியது.

ஆனால் சாகாமல் தப்பிய கலங்கள் என்ன செய்கின்றன? சிக்காகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1999இல் எலிகளின் கட்டிகளுக்குக் கதிர் பாய்ச்சிப் பார்த்தனர். கதிர் பட்டபின் கட்டியில் குழாய் வளர்காரணி கூடியது. தாக்கப்பட்ட களை மேலும் ஒரு வாய்க்காலை வெட்டுகிறது. அந்தக் காரணியைத் தடுத்துவிட்டுக் கதிர் பாய்ச்சியபோது கட்டி நன்றாகச் சுருங்கியது.

இதிலிருந்து விளைந்தவைதான் குழாய் வளர்காரணியைத் தடுக்கும் மருந்துகள். அவற்றுள் பெவாசிசுமாப் என்னும் மருந்துக்கு 2004இல் அமெரிக்காவில் பெருங்குடற் புற்றுநோய்க்காக அனுமதி கிடைத்தது. வாய்ப் புற்றுநோய்க்கு அது வழமையான முதற் சிகிச்சை அல்ல. குருதிக் கசிவை உண்டாக்கலாம். சத்திரசிகிச்சைக் காயம் ஆறுவதையும் தாமதப்படுத்தும். காரணம் உங்களுக்கு இப்போது விளங்கும்: ஆறும் புண்ணுக்கும் அதே காரணி வேண்டும் அல்லவா?

இடையில் விட்டால் என்ன?

வாய்ப் புற்றுநோய்க்கான கதிர்ச் சிகிச்சை பொதுவாகக் கிழமைக்கு ஐந்து நாட்களாக ஆறு, ஏழு கிழமைகள் நடக்கும். இரண்டு மூன்று கிழமைகளில் வாய் அவியும். சாப்பாடு இறங்காது. பஸ் செலவு ஒரு பக்கம், வீட்டில் நெல் அறுக்க ஆளில்லாத கவலை ஒரு பக்கம். "கட்டி சுருங்கிவிட்டதுதானே, மிச்சத்தைப் பிறகு பார்ப்போம்" என்று பலர் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள்.

இங்கேதான் பெரிய இழப்பு நேர்கிறது. தப்பிய கலங்கள் ஓய்வு கிடைத்தவுடன் முன்னரிலும் வேகமாகப் பிரிகின்றன. பாதி களை பிடுங்கிய வயலில் மழை பெய்தால் என்ன நடக்கும் என்று எமக்குத் தெரியும். தலை, கழுத்துப் புற்றுநோய்களில் சிகிச்சை ஒரு நாள் நீளும்போது நோய் அடங்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றளவில் அல்லது சற்று அதிகமாகக் குறைகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு கிழமை தவறினால் இழப்பு சிறிதல்ல.

கதிருக்கு ஒட்சிசன் துணை வேண்டும் என்பது 1950களிலேயே தெரிந்த உண்மை. கதிர் அறுத்த நூலை ஒட்சிசன் நிரந்தரமாகப் பழுதாக்கிவிடும். ஒட்சிசன் இல்லாத கலத்தைக் கொல்ல ஏறத்தாழ மூன்று மடங்கு கதிர் வேண்டியிருக்கும். புற்றுக் கட்டி அவசரத்தில் வெட்டிய வாய்க்கால்களோ கோணலானவை, கசிபவை. ஓரிடத்தில் குருதி தேங்கும், இன்னோரிடம் வறண்டிருக்கும். அந்த வறண்ட மூலையில்தான் தப்பும் கலங்கள் ஒளிந்திருக்கின்றன.

சிகிச்சை பெறும்போது பீடி, சுருட்டு, சிகரெட் புகைத்தால் புகையில் உள்ள காபனோரொட்சைட்டு குருதியில் ஒட்சிசனின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. சிகிச்சைக் காலத்தில் புகைத்தவர்களுக்குப் பலன் குறைந்தது என்று 1993இல் வெளியான கனடிய ஆய்வு காட்டியது. "வந்தது வந்துவிட்டது, இனி விட்டு என்ன" என்பது தவறான எண்ணம். அன்றைக்கு விட்டாலும் பலன் உண்டு.

மேலும் ஒன்று. கதிர் பட்ட தாடையெலும்பில் நல்ல குருதிக் குழாய்களும் காலப்போக்கில் ஒடுங்கிவிடும். குருதி குறைந்த எலும்பில் பல்லைப் பிடுங்கினால் காயம் ஆறாமல் எலும்பே உக்கத் தொடங்கலாம். ஆகவே கெட்ட பற்களைக் கதிர்ச் சிகிச்சைக்கு முன்னரே பல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். சிகிச்சை முடிந்து பல ஆண்டுகள் ஆனாலும், பல் பிடுங்கப் போகுமிடத்தில் "தாடையில் கதிர் பிடித்தது" என்று முதலில் சொல்ல வேண்டும்.

ஒரு கண்ணாடியும் பகல் வெளிச்சமும்

இவ்வளவு பெரிய விஞ்ஞானத்திலிருந்து எமக்குக் கிடைக்கும் பாடம் எளிது. களை வாய்க்கால் வெட்டுவதற்கு முன், அல்லது வெட்டத் தொடங்கும்போதே பிடுங்கிவிட வேண்டும். சிறிதாக இருக்கும்போது கண்டுபிடித்த வாய்ப் புற்றுநோயைப் பெரும்பாலும் முற்றாக மாற்றலாம்.

இதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்தில் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடுவீடாகச் சென்று வெளிச்சத்தில் வாயைப் பார்த்தனர். புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோயால் நேரும் மரணம் இதனால் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று 2005இல் அறிவிக்கப்பட்டது. அங்கும் எங்களைப் போலவே வெற்றிலை போடுகிறார்கள்.

மாதம் ஒரு முறை, காலை வெளிச்சத்தில், வாயைக் கொப்புளித்துவிட்டுக் கண்ணாடியில் பாருங்கள். கண் தெரியாத முதியவர்களுக்கு வீட்டில் உள்ள பிள்ளைகள் பார்க்கட்டும். உதட்டின் உட்புறம், இரு கன்னங்கள், முரசு, நாக்கின் மேல், நாக்கை உயர்த்தி அதன் அடி, நாக்கின் இரு ஓரங்கள், அண்ணம் என்ற ஒழுங்கில் பார்த்தால் ஓரிடமும் தவறாது.

பின்வருவனவற்றில் ஒன்றைக் கண்டாலும் காட்ட வேண்டும்:

1. இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண், நோகாவிட்டாலும்.
2. தேய்த்தாலும் போகாத வெள்ளைப் படை அல்லது சிவப்புப் படை.
3. கன்னத்திலோ நாக்கிலோ தடிப்பு, கட்டி, காரணமின்றி இரத்தம் கசிதல்.
4. உறைப்புப் பட்டால் எரிவு, கன்னத்தின் உட்புறம் வெளிறி இறுகுதல், வாய் முன்போல் திறக்க முடியாமை.
5. கழுத்தில் குறையாத நெறி.

அருகில் உள்ள அரச வைத்தியசாலையின் பற்சிகிச்சைப் பிரிவில் இதைக் காட்டலாம். அங்கிருந்து தேவையான இடத்துக்கு அனுப்புவார்கள். மகரகமவில் தேசிய புற்றுநோய் வைத்தியசாலை உண்டு. வடக்கில் தெல்லிப்பழையிலும் புற்றுநோய்ச் சிகிச்சை நடைபெறுகிறது. அதற்காக 2011இல் தெற்கே தேவேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை நடந்து நிதி சேர்த்தார்கள். அரச வைத்தியசாலைகளில் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை.

சிகிச்சை தொடங்கியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கிளினிக் கொப்பியையும் துண்டுகளையும் காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ் வைக்கும் பையிலேயே வையுங்கள். அவசரமாக வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தாலும் அந்தப் பை கையோடு வரும். எந்த ஊருக்குப் போனாலும் விட்ட இடத்திலிருந்து சிகிச்சையைத் தொடர அது உதவும். ஒருவர் சிகிச்சைக்காக ஆறு கிழமை வெளியே நிற்கும்போது, அவருடைய வயலுக்குத் தண்ணீர் கட்டுவதும் மாட்டை அவிழ்த்துக் கட்டுவதும் அயலவர் வேலை. முன்பு ஒருவர் வயலில் மற்றவர் மாறி மாறி இறங்கியதுபோல இதையும் செய்யலாம். அவர் ஒரு நாளும் தவறாமல் சிகிச்சைக்குப் போவதற்கு அதுவும் ஒரு மருந்து.

அப்புவிடம் திரும்புவோம். "நோகேல்லை" என்று அவர் சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். "எத்தனை நாளாய்?" என்று கேளுங்கள். இரண்டு கிழமைக்கு மேல் என்றால் அடுத்த பஸ்ஸில் அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். வெற்றிலைத் தட்டத்தை வீட்டில் வைத்துவிட்டு.